கதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கணக்குப் புத்தகம்: அடிமை முறையைப் பிள்ளைகளோடு வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு சின்ன வாசகசாலையில் சனிக்கிழமைதோறும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வருகிறார்கள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பாடப்புத்தகத்தில் இரண்டும். அடிமை முறை பற்றி வாசிக்கும்போது எப்போதும் இரண்டு புத்தகங்களைச் சேர்த்தே எடுப்போம். ஒன்று கதை, இன்னொன்று உண்மை விவரம் சொல்லும் நூல். இதைக் கேள்விப்பட்டு குமுளியிலிருந்தும் மலைக்குக் கீழே கம்பம், கூடலூரிலிருந்தும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எதற்கு இரண்டு புத்தகம்? நல்ல கதை ஒன்று போதாதா?

எங்களுக்கும் முதலில் போதும் என்றுதான் தோன்றியது. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலியின் நாவல் 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழில் சுருக்கமாக வந்திருக்கிறதல்லவா, அதிலிருந்துதான் ஆரம்பித்தோம். காம்பியாவின் ஜுஃபூரே கிராமத்துப் பையன் குண்டா கிண்டே மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபடுகிறான், அடிமையாக அமெரிக்காவுக்குக் கப்பலில் ஏற்றப்படுகிறான். அந்த இடம் வந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இது நெசமா நடந்ததா, இல்ல கதையா?" என்றான். கதைதான் என்றால் அவனுக்கு மனம் லேசாகிவிடும். நிஜம் என்றால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். என் கையில் பதில் இல்லை.

அடுத்த ஆண்டு தலைகீழாகச் செய்து பார்த்தேன், வெறும் விவரம் மட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஏற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். பிள்ளைகள் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் கை தூக்கினாள். "டீச்சர், பரீட்சைக்கு வருமா?"

அதற்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்தோம்.

எதை முதலில் வாசிக்க வேண்டும்?

கதையை. ஆனால் முழுசாக அல்ல. "நெசமா?" என்ற கேள்வி எழும் இடம் வரை வாசித்துவிட்டு மூடிவிடுங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. அடுத்த வாரம் உண்மை விவரத்தை எடுங்கள். கப்பல் கதைக்கு நாங்கள் எடுப்பது 1788-இல் இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் அச்சிட்ட புரூக்ஸ் கப்பலின் வரைபடம். சட்டப்படி ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்ட 454 பேரை அதில் அடுக்கிக் காட்டியிருப்பார்கள். ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். சிறுவனுக்கு 5 அடி நீளம், 1 அடி 2 அங்குலம்.

பழைய செய்தித்தாள்களை ஒட்டி, சிறுவனுக்கான அந்த அளவில் ஒரு துண்டு வெட்டித் தரையில் விரித்தோம். யாரையும் அதில் படுக்கச் சொல்லவில்லை (ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்). ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் புத்தகப் பையைக் கொண்டுவந்து குறுக்கே வைத்தான். பை காகிதத்தைவிட அகலம். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கதையைத் திறந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தோம். கப்பல் அத்தியாயத்தை அவ்வளவு அமைதியாக அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

'ஏழு தலைமுறைகள்' முழு உண்மை இல்லை என்கிறார்களே. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அந்தச் சர்ச்சையையும் சேர்த்தே கொடுக்கலாம். 1976-இல் அந்த நூல் வந்தபோது தன் சொந்தக் குடும்ப வரலாறு என்றுதான் ஹேலி சொன்னார். பின்னால் வரலாற்று ஆய்வாளர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவர் சொன்ன வம்சாவளி பல இடங்களில் பொருந்தவில்லை என்றார்கள். வேறொரு நாவலிலிருந்து சில பகுதிகள் வந்திருப்பதாக வழக்கு நடந்து, 1978-இல் சமரசத்தில் முடிந்தது.

பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் புத்தகத்தை வெறுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். நடந்தது வேறு. "அப்போ எது நிச்சயமா தெரியும்?" என்று அவர்களே பட்டியல் போட ஆரம்பித்தார்கள். குண்டா வந்ததாக ஹேலி சொல்லும் லார்ட் லிகோனியர் என்ற கப்பல் 1767 செப்டம்பரில் அமெரிக்காவின் அனாபொலிஸ் துறைமுகத்துக்கு அடிமைகளோடு வந்தது ஆவணத்தில் இருக்கிறது. அதில் குண்டா என்று ஒருவன் வந்தானா என்பதற்கு ஆவணம் இல்லை. இறங்கியவர்களின் சொந்தப் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நாவலாசிரியர் பேனாவை வைத்திருக்கிறார்.

இதற்கு இணையாக, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பித்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாறு. ஆங்கிலத்திலிருந்து பத்துப் பதினைந்து பக்கத்தை நாங்களே தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள், எஜமானன் தடுத்துவிடுகிறான், பையன் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பதிலுக்குப் பாடம் வாங்குகிறான். பிள்ளைகளுக்கு உயிரான பகுதி இது. தப்பித்து வந்த விதத்தை மட்டும் அந்த நூலில் டக்ளஸ் சொல்லவே மாட்டார். சொன்னால் உதவி செய்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள், பின்னால் வருபவர்களுக்கு வழி அடைபட்டுவிடும். அடிமை முறை ஒழிந்த பிறகுதான் அதை விவரமாக எழுதினார். உண்மை நூலும் சில விஷயங்களை மறைக்கும், அதற்கும் காரணம் இருக்கும் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம். நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும் கேள்வியும் இதுதான். பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்கும் இந்த மாநிலத்திலேயே மனிதரை விற்றார்கள், அடமானம் வைத்தார்கள், வாடகைக்கு விட்டார்கள். 1800–01-இல் மலபாரைச் சுற்றிப்பார்த்த ஃபிரான்சிஸ் புக்கானன் இதை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்: ஜன்மம் என்றால் விற்றுவிடுவது, காணம் என்றால் கடனுக்கு ஈடாகக் கொடுப்பது, பாட்டம் என்றால் ஆண்டு வாடகைக்கு விடுவது. மூன்றும் நிலத்துக்கான சொற்கள். கேரளத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டம் என்ற சொல் சமூகவியல் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அதையே ஆளுக்கும் சொன்னார்கள் என்றால் அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

கேரளத்தின் தென்பகுதியில் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1836-இல் எடுத்த கணக்கெடுப்பில் மொத்த மக்கள் 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர். நாங்கள் இதைப் புளியங்கொட்டை வைத்துச் செய்வோம். இருபத்துநாலு கொட்டையில் மூன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவி வைப்பது. பிள்ளைகளையே எட்டுக்கு ஒருவராக எழுப்பி நிறுத்திவிடாதீர்கள்.

ஒழிப்பும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்தார், ஆனால் விவசாயத்துக்கென்று நிலத்தோடு சேர்ந்திருந்தவர்களுக்கு விலக்கு. பெரும்பாலோர் அந்த விலக்குக்குள்தான் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதியில் 1843-இல் சட்டம் வந்தது. திருவிதாங்கூரில் முழு ஒழிப்பு 1855-இல்தான். இந்த மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "1812-இல் வயலில் வேலை செய்த ஒரு பெண் அன்று சாயங்காலம் என்ன செய்திருப்பாள்?" என்று கேட்டுப் பாருங்கள். கதை எழுத வைக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

கேரளத்து அடிமைகள் பற்றி என்ன கதை வாசிப்பது?

நாங்கள் எடுப்பது பொத்தேரி குஞ்ஞம்பு 1892-இல் எழுதிய 'சரஸ்வதீவிஜயம்' என்ற மலையாள நாவல். பாட்டுப் பாடினான் என்பதற்காக மரத்தன் என்ற இளைஞன் ஒருவன், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த புலையர் சாதிக்காரன், நம்பூதிரி ஜமீன்தாரின் ஆட்களிடம் அடிபடுகிறான். செத்துவிட்டான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவன் தப்பிப் படித்து நீதிபதியாகி, அந்த வழக்கே அவன் முன்னால் வந்து நிற்கிறது. சினிமா மாதிரி இருக்கிறதென்று பையன்கள் கைதட்டுவார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு நடக்கிற கதை, ஆனால் அடி மட்டும் நிற்கவில்லை. அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மிஷனரிப் படிப்புதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற தொனி நாவலில் இருக்கிறது, அதையும் பெரிய பிள்ளைகளோடு பேசலாம்.

இதன் ஜோடி சாமுவேல் மெட்டீர் என்ற மிஷனரி 1871-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூல். எங்களுக்கு ஒரே ஒரு பத்தி போதும். அடிமைச் சாதியில் பிறந்தவர் மேல்சாதிக்காரர் முன்னால் 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் உண்பதைச் 'சோறு' என்று சொல்லக்கூடாது, 'கரிக்காடி' (அழுக்குக் கஞ்சி) என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லக்கூடாது, குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். இதை வாசித்த அன்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்றேன். "சோறுன்னு சொல்லக்கூடவா கூடாது?" என்றாள். சங்கிலி, சாட்டை எதுவும் அவளை அவ்வளவு தைக்கவில்லை.

பாட்டும் வேண்டுமென்றால் பொய்கையில் அப்பச்சன். 1879-இல் இரவிப்பேரூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தில் பிறந்தவர். பெற்றோரை ஒரு பக்கமும் பிள்ளைகளை ஒரு பக்கமும் விற்ற நினைவைப் பாட்டாகப் பாடி வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ வம்சங்களின் வரலாறு எழுதியிருக்கிறது, என் வம்சத்தைப் பற்றி ஒரு எழுத்தும் காணோமே என்று அவர் பாடியது கேரளத்தில் பலருக்குத் தெரியும். இதற்குப் பக்கத்தில் 1836 கணக்கெடுப்பை வையுங்கள். அதில் எண்ணிக்கை இருக்கும், ஒரு பெயர்கூட இருக்காது.

தமிழ்நாட்டுப் பக்கம்?

சுந்தரர் கதை. பிள்ளைகளுக்குப் பாட்டி வழியாகவே தெரியும். கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வாசிக்கப்படுகிறது. பெரியபுராணத்தில் அந்த ஓலையின் வாசகம் இருக்கிறது: 'யானும் என்பால் வருமுறை மரபுளோரும் வழித்தொண்டு செய்தற்கு ஓலை'. தாத்தா எழுதிக்கொடுத்தார், பேரன் மாட்டினார்.

பக்திக் கதையைக் கெடுக்கிறீர்களே என்று ஒரு அப்பா கோபித்துக்கொண்டார். கெடுக்கவில்லை. ஆளோலை (ஒருவர் அடிமை என்று எழுதிய ஓலை) என்றால் என்ன, அதைச் சபையில் எப்படிச் சரிபார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்பவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கதையில் ஓலை வருகிறது. இதன் ஜோடியாக ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'தமிழகத்தில் அடிமை முறை' நூலிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள். முழு நூலும் பிள்ளைகளுக்கு அல்ல, ஆசிரியர் வாசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

அப்போ தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நாங்களும் அடிமைகள்தானா?

இதைப் பிள்ளைகள் கேட்டே தீருவார்கள். 'இல்லை' என்றும் 'ஆமாம்' என்றும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடாதீர்கள்.

ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்று கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்த ஆளை விற்கலாமா? இவர் விட்டுப் போகலாமா? இவருக்குப் பிறக்கும் பிள்ளையும் கட்டுப்பட்டதா? குண்டாவுக்கு மூன்றுக்கும் பதில் தெளிவாக இருக்கும். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலை ஏறியவருக்கு? விற்க முடியாது. ஆனால் விட்டுப் போக முடியுமா? பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-இல் வந்த 13-ஆம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகிற கூலியாளைத் தண்டிக்க வழி வைத்திருந்தது. கடன் வாங்கி ஓடிவிட்ட வியாபாரிக்குச் சிவில் வழக்கு, கூலிக்காரருக்கு ஜெயில். 1920-களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பாட்டி ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். பிள்ளைகள் மூன்று கேள்வியையும் கேட்டார்கள். "எங்கப்பாவ யாரும் விக்கலப்பா. கடன்தான் தீரல. அவரு போனப்புறம் நான் தோட்டத்து வேலைக்குப் பேர் போட்டேன்" என்றார். நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தால்கூட இவ்வளவு விளங்கியிருக்காது.

இதற்கான நாவல் 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, 1969-இல் வந்தது. தமிழில் இரா. முருகவேள். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலை ஏறும் முதல் பகுதியைப் பதிமூன்று வயதுப் பிள்ளைகள் வாசிக்கலாம், மீதி பதினாறுக்கு மேல்தான். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் அப்படியே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதிக்கு நடப்பதைச் சின்னப் பிள்ளைகளோடு வாசிக்க முடியாது. ஜோடிக்கு 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுக்கிறோம். குடிநீர், வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் என்று அந்தச் சட்டம் சொன்ன ஒவ்வொன்றையும் நாவலில் இல்லாததோடு வைத்துப் பாருங்கள். சட்டம் எதற்காக எழுதப்பட்டது என்பது தெரியும்.

சின்னவர்களுக்குப் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' போதும். பாட்டை முதலில் பாடிவிட்டு, 1879 முதல் 1916 வரை ஃபிஜிக்குக் கப்பலேறிய 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பற்றிச் சொல்லுங்கள். அக்ரிமெண்ட் என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த அக்ரிமெண்ட் ஐந்து வருஷத்துக்கு என்று அதற்கப்புறம் சொல்லுங்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

பத்து வயது. அதற்கு முன்னால் தனியாக ஒரு பாடமாக வேண்டாம், கேட்டால் பதில் சொன்னால் போதும். பாலியல் வன்முறை வரும் பகுதிகளைப் பதினைந்து பதினாறு வரை தள்ளிவையுங்கள். அது நடக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நடித்துக் காட்டினால் மனதில் நன்றாகப் பதியாதா?

வேண்டவே வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அடிமைச் சந்தையை நாடகமாகப் போட்டோம். ஏலம் விடுபவன், வாங்குபவன், விற்கப்படுபவன். யார் யாருக்கு எந்த வேஷம் என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கறுப்பாக இருந்த இரண்டு பிள்ளைகள் மேடையில் கை கட்டி நின்றார்கள். எதிரே சிரிப்பு. அதற்கப்புறம் பல மாதம் அந்த இருவரையும் ஏல விலை சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்தத் தப்பு என்னுடையது. செய்தித்தாள் துண்டில் யாரையும் படுக்கவிடாததற்குக் காரணம் இதுதான்.

சாதிப் பெயர்களைச் சொல்லலாமா? வகுப்பில் அந்தப் பிள்ளைகளும் இருப்பார்களே.

பொதுவாக 'தாழ்ந்தவர்கள்' என்று சொல்வதைவிட ஆவணத்தில் உள்ள பெயரைச் சொல்வதே மரியாதை. ஆனால் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள், "உங்க வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்காதீர்கள். விற்கப்பட்டவர்களின் சாதியைச் சொன்ன மூச்சிலேயே விற்றவர்களின் சாதியையும் சொல்லுங்கள். பாதிப் புத்தகங்கள் இதைச் செய்வதில்லை.

அப்புறம், அடிபட்ட கதையோடு நிறுத்திவிடக் கூடாது. புலையர் போகக்கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் 1893-இல் வில்லுவண்டி ஏறிப் போன, அதே சாதியில் பிறந்த அய்யங்காளியைச் சொல்லுங்கள். 1910-இல் பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்ததும், அதைப் பொறுக்காத மேல்சாதிக்காரர்கள் அந்தப் பள்ளிக்கே தீ வைத்ததும் நெய்யாற்றின்கரைப் பக்கம் நடந்தவை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சுக்காகச் சண்டை என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

தமிழில் புத்தகம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

கதையைத் தமிழிலும் விவரத்தை மலையாளத்திலும் வாசியுங்கள். இங்கே பிள்ளைகளுக்கு இரண்டும் வரும். ஆங்கிலத்தில் உள்ளதை நீங்களே நாலு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது இதெல்லாம் இல்லை என்று முடித்துவிடலாமா?

அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதன் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கப்படும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி ஒரு செய்தி வரும் நாளில் பேப்பரை வாசகசாலைக்கு எடுத்துப்போய், மூன்று கேள்விகளையும் பிள்ளைகளிடமே விடுங்கள்.

ஒரு ஜோடிக்கு எத்தனை வாரம் ஆகும்?

எங்களுக்கு நான்கு. மழைக்காலத்தில் ஆறு, ஏனென்றால் லயத்திலிருந்து வரும் பாதை வழுக்கும்; பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்கள் முந்தின வாரத்துக் கதையை வராதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.